ஒரே ராத்திரியில் மாறினவர்கள்

கிணத்துக்கடவைச் சுற்றியுள்ள ஜெபவீடுகளில் ஞாயிறு ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தால், சாட்சி நேரத்தில் பெரும்பாலும் ஒரே கதைதான் காதில் விழும். "அதுவரைக்கும் குடிச்சனுங்க, ஊட்ல அடிச்சனுங்க. அன்னிக்கு ராத்திரி ஆண்டவர் தொட்டாருங்க, அதோட எல்லாம் போச்சுங்க." உடனே அல்லேலூயா, கைதட்டல். யாருக்கோ அப்படி நடந்திருக்கலாம், இருக்கட்டும். ஆனால் அதையே எல்லோருக்குமான அளவுகோலாக்கி, மூன்று மாதம் கழித்து டாஸ்மாக் வாசலில் நிற்பவனைப் பார்த்து "இவன் இரட்சிக்கப்படவே இல்லை" என்று தீர்ப்பு எழுதுகிறோமே, அதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது.

தீர்ப்பு வாங்கியவன் அடுத்த ஞாயிறு வரமாட்டான். வந்தால் பாக்கை மென்றுகொண்டு, முந்தின வார சாட்சியையே திரும்பச் சொல்வான். பொய்சாட்சி சொல்ல சபையே பழக்குகிறது.

ஊர் சொல்வது தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். பிரசங்க மேடை சொல்வது ஒரே ராத்திரி. பார்க்க எதிரெதிர்க் கட்சிகள். ஆனால் நடுவில் யாரும் எந்தப் பாடும் படத் தேவையில்லை என்பதில் இரண்டுக்கும் ஒரே கருத்து.

பேதுருவைப் பாருங்கள். ஒரு வேலைக்காரிக்குப் பயந்து ஆண்டவரைத் தெரியாது என்றவர். பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று ஊருக்கே பிரசங்கம் செய்தார். நம் சாட்சிக் கூட்டமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வேதம் முடிக்கவில்லை. பிற்பாடு அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே மனிதர், அதே பயம். தேவன் அவரைக் கைவிடவில்லை. ஆனால் கண்டிக்காமலும் விடவில்லை.

அந்தப் பந்தி விவகாரம் நமக்குப் புதிதா என்ன? நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்க ஆலயத்தில் பிள்ளைமார் ஒருபுறம், நாடார்கள் மறுபுறம், நடுவே சுவர். ஞானஸ்நானம் பெற்று, நற்கருணை வாங்கியவர்கள்தான் இருபுறமும். 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. திரும்ப வேண்டும் என்று வழக்குக்குப் போனவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். தானாக விழட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கும் நின்றிருக்கும்.

லூக்கா சொல்லும் அத்திமர உவமையில் தோட்டக்காரன் கேட்பது ஒரே ஒரு வருஷத் தவணை. அதுவும் சும்மா இல்லை. சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்கிறான். தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. தெய்வப் பொறுமை என்பது மண்வெட்டி பிடித்த பொறுமை.

"அப்போ மெதுவா மாறிக்கலாமுங்க, கர்த்தர் நீடிய சாந்தமுள்ளவராச்சே" என்று சிலர் சாய்ந்து உட்கார்வார்கள். அவர்களுக்கு ஜான் நியூட்டன். நம் சபைகளிலும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். 1748-இல் கடும் புயலில் தேவனைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பல்களுக்கு கேப்டனாகி 1754 வரை ஓட்டினார். நிறுத்தியதும் உடம்புக்கு முடியாமல் போனதால். அந்த வியாபாரத்தை எதிர்த்து அவர் புத்தகம் வெளியிட்டது 1788-இல். நாற்பது வருஷம்! தேவன் பொறுத்தார், சரி. கப்பலின் அடியில் சங்கிலியில் கிடந்தவர்களைக் கேட்டா பொறுத்தார்? நியூட்டன் மெல்ல மாறியதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

இங்கேதான் ஆயக்காரன் சகேயு நமக்கு வேண்டும். அவன் குணம் முழுக்க என்றைக்கு மாறியது என்று வேதம் சொல்லவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவைச் சந்தித்த அன்றைக்கே சொன்னான். குணம் மாற வருஷக்கணக்காகலாம். கணக்கைத் தீர்க்க அவ்வளவு நாள் எதற்கு?

ஆகவே பாஸ்டர்மாருக்கு ஒரு வேண்டுகோள். விழுந்தவன் விழுந்தேன் என்று சொல்ல சாட்சி நேரத்தில் இடம் கொடுங்கள். அவன் வீட்டுக்காரி அடிபட்ட முகத்தோடு வந்து நின்றால், "ஆண்டவரே பொறுக்கிறார், நீயும் பொறுத்துக்கோம்மா" என்று அனுப்பாதீர்கள். அந்தப் பொறுமையை அவளிடம் கேட்க உங்களுக்கு அதிகாரமில்லை. பெண்கள் உதவி எண் 181. அதை எழுதி அவள் கையில் கொடுங்கள்.