நாங்கள் பார்க்காத நீலகிரி

இளம் அறிவியல் (தாவரவியல்), இரண்டாம் ஆண்டு மாணவி

கல்விச் சுற்றுலா முடிந்து திரும்பியதும் ஒவ்வொருவரும் பதிவேடு ஒன்று எழுதித் துறையில் ஒப்படைக்க வேண்டும் என்பது நம் கல்லூரி வழக்கம். 2025 ஜனவரியில் மூன்று நாள் உதகைக்குச் சென்று வந்த நானும் எழுதினேன். 31 தாவரங்களின் பெயர், குடும்பம், கண்ட இடம் எல்லாம் எழுதி முடித்த பின், 'தாயகம்' என்று இன்னொரு பத்தியும் கோடிட்டு நிரப்பினால் நன்றாயிருக்குமே என்று ஓர் ஆசை எழுந்தது. மதிப்பெண் ஆசைதான், மறைப்பானேன்? நூலகத்தில் கேம்பிள், பைசன் ஆகியோரின் பழைய நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்தேன். ஆஸ்திரேலியா, மெக்சிகோ, சிலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா என்று பத்தி நீண்டுகொண்டே போயிற்று. நீலகிரிக்கு உரியவை என்று எழுத முடிந்தவை நான்கே நான்கு.

மூன்று நாளும் நாங்கள் எதைத்தான் பார்த்தோம் என்ற கேள்வி அன்று முளைத்தது. அதை நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். குறை கூறும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தயங்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா நாற்று நடவுக்கும் கடலைக்காய் பறிப்புக்கும் போகிறவர். சுற்றுலாக் கட்டணம் 2,800 ரூபாய் என்று சொன்னபோது, "மரம் பாக்கறதுக்கா கண்ணு இத்தனை பணம்? மரம் இங்க இல்லியா?" என்று கேட்டார். "அங்கத்த மரம் வேறம்மா" என்றேன். கடன் வாங்கிக் கொடுத்தனுப்பினார். அந்தப் பதில் பாதி பொய்யாகிவிட்டதே என்பதுதான் என்னை இப்படி எழுத வைக்கிறது.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் பெற்று, மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்தில் ஏறினோம். முதல் நாள் குன்னூரில் சிம்ஸ் பூங்கா, மாலையில் உதகைத் தாவரவியல் பூங்கா. இரண்டாம் நாள் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா, தேயிலைத் தொழிற்சாலை, படகுச் சவாரி, இரவு சாக்லேட் கடை. மூன்றாம் நாள் தலைகுந்தா, பைன் காடு, ஒன்பதாவது மைல். பிறகு இறக்கம்.

தாவரவியல் பூங்காவைப் பழிக்க மாட்டேன். 1848இல் மெக்ஐவர் என்பவர் உருவாக்கத் தொடங்கிய அந்த 55 ஏக்கர் தோட்டத்தில் பாடநூலில் படமாக மட்டும் பார்த்த எத்தனையோ மரங்களை நேரில் தொட்டுப் பார்த்தேன். தோட்டமென்றால் பல நாட்டு மரங்கள் இருக்கத்தான் செய்யும். தோட்டத்துக்கு வெளியேயும் அதே கதையாக இருப்பதைத்தான் சொல்ல வருகிறேன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் குடியேறி, ஓடையை மறித்து ஏரியும் வெட்டினார். ஊர் வளர்ந்தது, விறகு தேவைப்பட்டது. 1840களிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் தைல மரமும் மலையெங்கும் நடப்பட்டன. விடுதலைக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் நடவு தொடர்ந்தது. இன்று தைலப் புட்டியில் 'நீலகிரித் தைலம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அந்த மரம் இந்த மலையின் பிள்ளை என்றே நம்மில் பலர் நம்புகிறோம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் நம்பினேன். ஊர்ப்பெயரையே வந்த மரம் எடுத்துக்கொண்டுவிட்டது!

பைன் காட்டில் எங்கள் வகுப்பு முழுவதும் மெய்ம்மறந்து நின்றது. படம் எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் தாவரவியல் மாணவர்களாகிய நாங்கள் கீழே குனிந்து பார்த்தோமா? உதிர்ந்த ஊசியிலைகள்தான் மெத்தையாகக் கிடந்தன. புல், செடி, பெரணி என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. மெக்சிகோ நாட்டு மரத்தை வரிசையாக நட்ட ஒரு தோட்டத்தை 'இயற்கை அழகு' என்று எங்கள் பதிவேடுகளில் எழுதியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

அப்படியானால் நீலகிரியின் சொந்த முகம் எது? இந்த மலையின் உச்சிப் பகுதிகள் பெரும்பாலும் புல்வெளி. மலை மடிப்புகளில், ஓடைக்கரைகளில் மட்டும் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் சோலைகள். இந்தச் சோலையைத்தான் உலகத்துத் தாவரவியல் நூல்கள் எல்லாம் 'ஷோலா' என்று எழுதுகின்றன. பாடநூலில் ஆங்கிலத்தில் படித்தபோது ஏதோ இலத்தீன் சொல் என்று எண்ணி மனப்பாடம் செய்தேன். அது நம் வீட்டுச் சொல் என்று தெரிந்த நாளில் எனக்கு உண்டான கூச்சத்தைத் தமிழ் வழியில் படித்து வந்த நண்பர்கள் புரிந்துகொள்வார்கள்.

சரிவு முழுவதும் ஏன் மரமாக இல்லை? இதன் விடையில் ஒரு பகுதியை மூன்றாம் நாள் காலை தலைகுந்தாவில் கண்ணால் கண்டோம். புல்லின் மேல் உப்புக் கொட்டியது போல உறைபனி. சோலைக்குள் மரக்கூரை குளிரைத் தடுக்கிறது. வெளியே திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரத்துக் கன்று உறைபனியில் கருகிவிடுகிறது. புல்லின் முளையோ மண்ணோடு மண்ணாக இருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. எங்கள் பேராசிரியர் இதை விளக்கிய அந்தப் பத்து நிமிடம்தான் மூன்று நாளில் நடந்த மிகச் சிறந்த வகுப்பு என்பேன். விரல் விறைத்துப் போனதால் குறிப்பெடுக்க முடியவில்லை. ஆனாலும் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

அதன்பின் ஒன்பதாவது மைல். திரைப்படப் பாடல்களில் நாயகனும் நாயகியும் ஓடி வரும் அதே சரிவுகள். பேருந்து நின்றது இருபது நிமிடம். ஜனவரி மாதம் ஆதலால் புல் பழுப்பேறிக் கிடந்தது. "காஞ்சு போச்சுடி, இதுல என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு வகுப்பு குழுப்படம் எடுக்கத் திரண்டது. அங்கே நின்றிருந்த வனக் காவலர் ஒருவர், வயது அறுபதை நெருங்கியிருக்கும், என்னையும் இன்னொருத்தியையும் பார்த்து, "மேல காஞ்சிருக்குன்னு நினைக்காதீங்கம்மா. அந்தப் பள்ளத்துல இறங்கிக் கையை வெச்சுப் பாருங்க" என்றார். இறங்கினோம். புல் தூருக்கு அடியில் மண் கறுப்பாக, பஞ்சு போல இருந்தது. அழுத்தியதும் விரலிடுக்கில் நீர் கசிந்தது. மழை விட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது! "இதுதான் கோடையில ஓடையா வருது" என்றார் அவர். பேருந்தின் ஒலிப்பான் அழைத்தது. செருப்பெல்லாம் சேறாகிவிட்டதென்று ஓட்டுநர் அண்ணன் கடிந்துகொண்டார்.

அந்த ஈரம் எங்கே போகிறது என்று பிறகு வரைபடத்தில் தேடினேன். பைக்காரா ஆறு மாயாறாக இறங்குகிறது. மேல்பவானிப் பகுதியில் பிறக்கும் பவானி கேரளத்துக்குள் சென்று மீண்டும் நம் மாநிலத்துக்குள் வருகிறது. இரண்டும் கூடும் இடம் 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணை. அதிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் பாயும் பரப்பு 2,07,000 ஏக்கர். அதில் பாதிக்கு ஓர் ஆண்டு நெல்லுக்கும், மறுபாதிக்குக் கடலைக்கும் எள்ளுக்கும் தண்ணீர். அடுத்த ஆண்டு முறை மாறும். எங்கள் ஊர் அந்த வாய்க்கால் கரையில் இருக்கிறது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் காலையில் செய்தித்தாள் வந்ததும் முதலில் பார்ப்பது அணையின் நீர்மட்டம். 105 அடியை எட்டினால் சிரிப்பார்கள். மட்டம் ஏறாத ஆண்டில் நடவு இல்லை. நடவு இல்லையென்றால் என் அம்மாவுக்குக் கூலி இல்லை. அந்தக் கூலியில் ஒரு பகுதிதான் என் கல்லூரிக் கட்டணம். ஆக, இருபது நிமிடத்தில் நாங்கள் 'காய்ந்த புல்' என்று கழித்துவிட்டு வந்தது என் வீட்டு அடுப்போடு தொடர்புடைய சங்கதி.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல. உதகையிலுள்ள மத்திய மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளன்மார்கனில் புல்வெளியைத் தைல மரக்காடாக மாற்றி, ஓடையில் வரும் நீரைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் பத்தாண்டில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டித் துளிர்க்க விட்ட அடுத்த சுற்றில் இழப்பு இன்னும் கூடிற்று. மரம் நட்டால் மழை, மரம் நட்டால் நீர் என்று பள்ளி நாளிலிருந்து சுவரில் எழுதிப் பழகிய நமக்கு இது கசப்பாக இருக்கும். மரம் எங்கே நிற்கிறது, எந்த மரம் நிற்கிறது என்றும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. மரமில்லாத நிலம் வீண் நிலம் என்று கருதிய ஆங்கிலேயர் பார்வையைத்தான் நாமும் பேருந்துச் சன்னலிலிருந்து பார்த்துவிட்டு வருகிறோம்.

மறுப்புக்கு இடமுண்டு என்பதை அறிவேன். இந்தக் கருத்தை வகுப்பில் சொன்னபோது தோழி ஒருத்தி எழுந்து, "அப்போ தேயிலையையும் பிடுங்கச் சொல்வியா? எங்க தாத்தா கொழும்பிலிருந்து வந்து அந்தத் தேயிலையிலதான் பிழைச்சார்" என்றாள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அவளுக்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. தேயிலையைப் பிடுங்கு என்று நான் சொல்லவில்லை. சீகை மரத்தை ஒரே நாளில் வெட்டிச் சாய்த்துவிடலாம் என்றும் எண்ணவில்லை. அந்த நிழலில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அந்த விறகை நம்பி அடுப்பெரிப்பவர்களும் மலையில் இருக்கிறார்கள். அயல் மரங்களை அகற்றும் வேலையை வனத்துறை தொடங்கியிருக்கிறது. எங்கே, எவ்வளவு, எப்படி என்பதை அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் எஞ்சியிருக்கும் புல்வெளியைப் புல்வெளி என்று அடையாளம் காணும் கண்ணையாவது தாவரவியல் பட்டம் நமக்குத் தர வேண்டாமா?

வீட்டில் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தனை புல்லு இருந்தா மாடு மேய்க்கறவங்க இருப்பாங்கல்ல?" என்றார். தோடர்களைப் பற்றியும் அவர்களுடைய எருமைகளைப் பற்றியும் சொன்னேன். அவர்கள் கோயில் கூரை வேய்வதும் அந்த மலைப் புல்லைக் கொண்டுதான் என்றேன். "அவங்களக் கேட்டீங்களா, புல்லு முன்ன எப்படி இருந்துச்சுன்னு?" என்றார். தாவரவியல் பூங்காவுக்கு மேலே தோடர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கே போய் வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். எவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி, துறையின் முன் பணிவோடு சில வேண்டுகோள்கள். முதல் நாளையே புல்வெளிக்கும் சோலைக்கும் ஒதுக்க வேண்டும். அவலாஞ்சி, முக்கூர்த்தி போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதி தேவை. கல்லூரி முத்திரையிட்ட கடிதத்தோடு முன்கூட்டியே கேட்டால் கிடைக்காமலா போகும்? பூங்கா ஒன்று போதும். படகும் சாக்லேட்டும் தேயிலைத் தொழிற்சாலையும் அவரவர் குடும்பத்தோடு போகும்போது பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018இல் பூத்தது; அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அதற்குள் பூக்காத செடியையும் இலையைப் பார்த்து அடையாளம் சொல்லும் மாணவர்களை நம் துறை உருவாக்கட்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பில் 42 பேர். சுற்றுலாவுக்கு வந்தவர்கள் 29 பேர். வராத 13 பேரும் உடல்நலம், வீட்டில் விசேடம் என்று பலவிதமாகக் காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் எல்லாருக்கும் தெரியும். கட்டணத்தில் நுழைவுச் சீட்டு, படகு முதலியவற்றுக்கு மட்டும் ஆளுக்கு 640 ரூபாய் போயிற்று என்று கணக்குப் பார்த்த தோழர் சொன்னார். 29 பேருக்கு 18,560 ரூபாய். அதைக் கொண்டு வராதவர்களில் ஆறு பேரை முழுச் செலவோடு அழைத்துப் போயிருக்கலாம். பாடத்திட்டத்தில் உள்ள ஒரு சுற்றுலாவுக்கு ஒரு மாணவி பணமில்லாமல் வகுப்பில் தனியே உட்கார்ந்திருப்பதை நாம் வழக்கமாக ஏற்றுக்கொண்டுவிட்டோம். என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவளும் அந்தப் பதின்மூவரில் ஒருத்தி. அவள் ஊரும் வாய்க்கால் பாசனத்து ஊர்தான். என் பதிவேட்டைப் பார்த்து எழுதித்தான் அவள் தன் பதிவேட்டை முடித்தாள். அந்த 31 பெயர்களையும், தாயகப் பத்தியோடு.

அடுத்த ஆண்டுச் சுற்றுலாவை இப்படி மாற்றியமைக்கக் கோரி விண்ணப்பம் ஒன்று எழுதித் துறைத்தலைவரிடம் கொடுத்திருக்கிறோம். இதுவரை 24 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் சென்ற முறை வராதவர்கள்.