பெயர் வேறு, பொருளும் வேறோ?

நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றுவதென்று முடிவாகி மூன்று திங்கள் ஆகின்றன. பணி இன்னும் தொடங்கவில்லை. பொறுப்பேற்ற அன்பர் இருவரும் இத்துறையில் வல்லவர்களே. ஆயினும் ஒருவர் 'டேபிள்' என்றால் மற்றவர் 'கலெக்ஷன்' என்கிறார்; ஒருவர் 'ரோ' என்றால் மற்றவர் 'டாக்குமென்ட்' என்கிறார். சொல்லிலே பிறந்த இப்பிணக்கைச் சற்று ஆராய்வோம்.

முன்னவர் போற்றுவது ரிலேஷனல் முறை, 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் வகுத்தளித்தது. ரிலேஷன் என்பது அட்டவணைகளுக்கு இடையேயுள்ள உறவு எனப் பலர் கருதுவர். அன்று, அது கணிதச் சொல், அட்டவணையையே குறிப்பது. பின்னவர் போற்றுவது ஆவண முறை. 2009-இல் வெளிவந்த மாங்கோ டி.பி. இவ்வகையினது. அட்டவணைக்கு ஈடாக அங்கே ஆவணத் திரட்டு. வரிக்கு ஈடாக ஆவணம். பத்திக்கு ஈடாக 'ஃபீல்ட்'.

இவ்வளவில் பெயர் மாற்றமே என்று தோன்றும். ஆனால் பொருளிலும் வேற்றுமை உண்டு. ஓர் அட்டவணையின் வரிகளுக்கெல்லாம் பத்திகள் ஒன்றே. கட்டத்துக்கு ஒரு செய்தி என்பது மரபு. ஆகவே மக்கள் பெயர்கள் வேறோர் அட்டவணைக்குச் செல்லும். குடும்ப எண்ணே இரண்டையும் இணைக்கும். ஆவணத்திலோ தந்தையின் பெயர்க்கீழ் மக்கள் அனைவரையும் அடக்கலாம். ஒன்றைத் திறந்தால் குடும்பம் முழுவதும் கண்முன் நிற்கும்.

வசதிதான். எனினும் ஓர் இடர் உண்டு. சென்ற ஆண்டு மூத்த உறுப்பினர் ஒருவர் நோயுற்ற இரவில், அவர் தாளில் கண்ட மகளின் எண்ணை அழைத்தோம், பயனில்லை. அப்பெண்ணின் புதிய எண் அவர் புக்ககத்துத் தாளில் இருந்தது. ஒருவர் செய்தியை ஈரிடத்தில் எழுதினால், ஓரிடம் திருந்தும். மற்றோரிடம் பழையதாகவே கிடக்கும். அன்று காகிதத்தில் நேர்ந்த பிழை நாளை கணிப்பொறியிலும் நேரும்.

இதற்கு ஆவண முறையிலும் வழியுண்டு. ஆளுக்கோர் ஆவணம் அமைத்து, குடும்பத் தாளில் அதன் எண்ணை மட்டும் குறித்தால் போதும். எனவே அன்பர் இருவருக்கும் நம் வேண்டுகோள் இது: எச்சொல் சிறந்தது என்பதை விடுத்து, எவர் செய்தி எங்கே ஒருமுறை மட்டும் எழுதப்படும் என்பதை முதலில் முடிவு செய்க. ஊர்விட்டு ஊர் மாறி வாழும் நமக்கு அதுவே தலையாயது.