தங்கத்தில் பொறித்த பழமை

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் போட்டியையொட்டி கிரீஸ் அரசு ஆறு தங்க நாணயங்களை வெளியிட்டது. ஒவ்வொன்றும் 10 கிராம் எடை, ஏறக்குறைய கலப்பற்ற தங்கம், முகமதிப்பு 100 யூரோ. ஒவ்வொரு தங்க நாணயத்துக்கும் இரண்டு வெள்ளி நாணயங்கள் துணை. வெள்ளியில் பழங்கால விளையாட்டு வீரர்களும் இன்றைய வீரர்களும் இடம்பெற்றனர். தங்கம் கட்டடங்களுக்கு ஒதுக்கப்பட்டது: நோசோஸ் அரண்மனை, ஒலிம்பியாவின் வளைவுப் பாதை, ஏதென்ஸின் பனதினைக் அரங்கம், சாப்பியோன் மாளிகை, ஏதென்ஸ் அகாதெமி, அக்ரோபோலிஸ். பண்டைய பெருமையைப் பறைசாற்றும் வரிசை என்றே முதல் பார்வைக்குத் தோன்றும். உற்றுநோக்கினால், பழமையைவிடப் பழமை மீட்டெழுப்பப்பட்ட கதையே இதில் அதிகம்.

கிரீட் தீவிலுள்ள நோசோஸ் இதற்குச் சிறந்த சான்று. அங்கு பயணிகளைக் கவரும் சிவப்புத் தூண்களில் பல, 1900இல் அகழாய்வைத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ் பிற்பாடு கான்கிரீட்டில் எழுப்பியவை. அரண்மனையைக் கட்டிய மினோவர்கள் கிரேக்கர்களா என்பதே கேள்விக்குரியது. அவர்களுடைய ‘லீனியர் ஏ’ எழுத்து இன்றுவரை படிக்கப்படவில்லை. அதே இடத்தில் பின்னர் வழங்கிய ‘லீனியர் பி’ கிரேக்க மொழியின் பழைய வடிவத்தை எழுதப் பயன்பட்டது என்பதை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் கண்டறிந்தார். மினோவர்களுக்கு நாணயமும் கிடையாது. நாணயம் என்ற ஏற்பாடே பல நூற்றாண்டுகள் கழித்து லிடியாவில், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், உருவானது. பிற்காலத்து நோசோஸ் நகரம் தன் வெள்ளி நாணயங்களில் மினோட்டார் கதையின் சிக்கல்வழியைப் பொறித்தது. தனக்கு முந்திய காலத்தைத் தன் அடையாளமாக்கிக்கொள்வது அன்றே நடந்திருக்கிறது.

அகாதெமியும் சாப்பியோனும் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். அகாதெமியை வடிவமைத்தவரும் சாப்பியோனுக்கு இறுதி வடிவம் தந்தவரும் டென்மார்க்கில் பிறந்த தியோஃபில் ஹான்சன். அகாதெமி என்ற பெயருக்கு மூலமான, பிளேட்டோ பாடம் சொன்ன இடம் ஏதென்ஸில் வேறொரு பகுதியில் இருக்கிறது. பனதினைக் அரங்கத்தின் அடித்தளம் பழையது. மேலே தெரியும் பளிங்கு 1896 ஒலிம்பிக்குக்காகப் பதிக்கப்பட்டது. ஒலிம்பியாவின் வளைவுப் பாதையில் விளையாட்டும் இடமும் இயல்பாகப் பொருந்துகின்றன. வீரர்கள் திடலுக்குள் நுழைந்த வழி அது. 2004இல் குண்டு எறிதல் போட்டியும் அந்தப் பழைய திடலிலேயே நடந்தது. அங்கே பண்டைக் காலத்தில் வென்றவருக்குக் கிடைத்தது ஒலிவ இலை வளையம், தங்கமன்று.

தேர்ந்தெடுத்த உலோகமும் யோசிக்க வைக்கிறது. பண்டைய கிரேக்க நகரங்களின் நாணயம் பெரும்பாலும் வெள்ளி. லாரியம் சுரங்க வெள்ளியில் அச்சிடப்பட்ட ஆந்தை நாணயமே ஏதென்ஸின் வணிகத்தைக் கடல் கடந்து கொண்டுசென்றது. அங்கே தங்கம் புழக்கத்துக்கல்ல, சேமிப்புக்கு. பார்த்தினான் கோயிலின் அத்தீனா சிலையில் 40 டாலந்து தங்கம், அதாவது 1,000 கிலோவுக்கும் மேல், கழற்றி எடுக்கும்படி பொருத்தப்பட்டிருந்ததாகவும், ஆபத்துக் காலத்தில் அதைப் பயன்படுத்தினால் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் கூறியதாகவும் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். ஆபத்தும் வந்தது. கி.மு. 413இல் எதிரியான ஸ்பார்ட்டா ஏதென்ஸுக்கு அருகிலுள்ள டெசிலியாவைப் பிடித்தபின் சுரங்க வெள்ளி நின்றுபோனது. சில ஆண்டுகளில் வெற்றித் தேவதை நைக்கியின் சிலைகளிலிருந்த தங்கத்தை உருக்கி ஏதென்ஸ் நாணயம் அடித்தது. அந்தத் தங்கக் காசு பெருமிதத்தில் பிறந்ததன்று, நெருக்கடியில் பிறந்தது. கிரேக்க உலகில் தங்கத்தை வழக்கமான பணமாக்கிய பெருமை மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப்புக்கே சேரும். பாங்கையன் மலைச் சுரங்கங்களைக் கைப்பற்றிய அவர் வெளியிட்ட தங்க ஸ்டேட்டர், கெல்ட் மக்கள் தங்கள் பாணியில் நகலெடுக்கும் அளவுக்கு மேற்கே பரவியது.

2004இன் தங்க நாணயம் அப்படிப் பரவ வழியில்லை. 100 யூரோ என்ற முகமதிப்பு அன்றைய சந்தையில் 10 கிராம் தங்கத்தின் விலையை ஒட்டியே இருந்தது. பிறகு தங்கம் பல மடங்கு விலையேறியதால் அந்த எண் வெறும் சம்பிரதாயமாகிவிட்டது. அதைக் கடையில் நீட்டுகிறவர் நஷ்டப்படுவார். யூரோ மண்டல விதிப்படி, சேகரிப்பாளர்களுக்கான இத்தகைய நாணயம் வெளியிட்ட நாட்டில் மட்டுமே சட்டப்படி செல்லும். ஆகவே இதை வாங்குகிறவர் பணத்தாள்களைப் பெட்டியில் வைப்பதுபோல் வைக்கவில்லை. தங்கத்தை வாங்கி அதன்மேல் ஒரு படத்தையும் பெறுகிறார். கிரேக்கப் பாரம்பரியம் என்ற விளம்பரம் அந்தத் தங்கத்துக்குக் கூடுதல் விலை சேர்க்கிறது என்பதைத் தவிர, நாணயத்தின் வேலை எதையும் அது செய்வதில்லை.

அந்த வேலையைச் செய்வது கிரீஸின் சாதாரண ஒரு யூரோ நாணயம். 2002இல் கிரீஸின் பழைய நாணயமான டிராக்மா விடைபெற்றபோது, பழைய ஏதென்ஸ் நாணயத்தின் ஆந்தை அதில் இடம்பிடித்தது. ஸ்பார்ட்டாவில் கிடைத்த மொசைக் ஒன்றிலிருந்து எடுத்த, காளை வடிவ ஜீயஸ் யூரோப்பாவைக் கவர்ந்து செல்லும் காட்சி இரண்டு யூரோவில் இருக்கிறது. இவற்றில் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஆனாலும் யூரோ வழங்கும் எல்லா நாடுகளிலும் அவை கைமாறுகின்றன.