எடைக்குறைப்பு: தட்டில் தொடங்குவதா, அடுப்பில் தொடங்குவதா?

ஷஃபான் பிறை தென்பட்டுவிட்டால் போதும், நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இருவகைச் செய்திகள் வந்து குவியத் தொடங்குகின்றன. ஒன்று, வரவிருக்கும் ரமளானின் சிறப்புகள். மற்றொன்று, அந்த ஒரு மாதத்திற்குள் பத்துக் கிலோ எடையைக் குறைத்துவிடும் வழிகள். முதல் வகையைப் பிறருக்கு அனுப்பிவிடுகிறோம். இரண்டாம் வகையை எழுதி வைத்துக்கொள்கிறோம்.

எடைக்குறைப்பைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளை ஒருங்கே வைத்து நோக்கினால், அவை அனைத்திற்கும் ஒரே சாயல் இருப்பது விளங்கும். ஏதேனும் ஒன்றின்மீது முழுப் பொறுப்பையும் சுமத்திவிடுவதே அது. சோறுதான் குற்றவாளி என்பர் சிலர். ஒரு கரண்டித் தேன் கொழுப்பைக் கரைத்துவிடும் என்பர் வேறு சிலர். ஒரு மாத நோன்பு போதும் என்பாரும் உளர். வீட்டில் பருமனாக இருப்பவர் ஒருவர் மட்டும் வாயைக் கட்டினால் தீர்ந்தது என்பது இவை எல்லாவற்றிலும் பரவலான நம்பிக்கை.

உடல் எடையில் மரபுக்கும் வயதுக்கும் பங்குண்டு; தைராய்டுக் குறைபாடு போன்ற நோய்களுக்கும் சில மருந்துகளுக்கும் பங்குண்டு. எனினும் பெரும்பாலான இல்லங்களில் அது அடுப்பங்கரைப் பழக்கத்தின் விளைவாகவே இருக்கிறது. ஆகவே, ஒருவரின் தட்டைக் குறைப்பதற்கு முன்னால் அனைவரின் சட்டியையும் திருத்த வேண்டும் என்பதே நம் கருத்து.

இது அழகைப் பற்றிய பேச்சன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடு தழுவிய ஆய்வொன்று 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டிவிட்டால் இந்தியர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்கின்றனர் மருத்துவர்கள். நம் ஊர்களில் நாற்பதைக் கடந்தவர்கள் கூடும் எந்த வலீமா விருந்திலும் மாத்திரைப் பெட்டி இல்லாத சட்டைப்பையைக் காண்பது அரிதாகி வருகிறது.

சோறும் சப்பாத்தியும்

இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் உடல் இளைக்கும் என்பது பலருடைய உறுதியான நம்பிக்கை. சமைக்காத 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் உள்ள கலோரி ஏறத்தாழ ஒன்றே. முழுக் கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. அதனால் சற்று விரைவில் பசி அடங்கும். ஆனால், எண்ணெய் தடவிய நான்கு சப்பாத்திகளைக் குருமாவில் தோய்த்து உண்பவர், அளவாகச் சோறு உண்பவரைவிடக் குறைவாக உண்டார் என்று சொல்வதற்கில்லை.

சோற்றைப் பழிப்போர் அதன் அருகில் இருப்பதைக் கவனிப்பதில்லை. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. நெய்ச்சோற்றின் நெய்யும், ஆணத்தின்மேல் மிதக்கும் எண்ணெயும், பொரித்த இறைச்சியும் கணக்கில் வராமல் போய்விடுகின்றன.

தேனும் பேரீச்சையும்

தேனில் மனிதருக்கு நிவாரணம் உண்டு என்று திருக்குர்ஆன் அறிவிக்கிறது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், வெந்நீரில் தேனும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடித்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்று மார்க்கமும் சொல்லவில்லை, மருத்துவமும் சொல்லவில்லை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 60 கலோரி உண்டு. அதன் பெரும்பகுதி சர்க்கரையே. பெரிய மெஜூல் பேரீச்சம்பழம் ஒன்றிலும் ஏறத்தாழ அதே அளவு உண்டு. சுன்னத்தான உணவு என்ற பெயரால் நீரிழிவு உள்ளவர் அதனைக் கணக்கின்றி உண்பது, மார்க்கத்தின்மீது தம் நாவின் விருப்பத்தை ஏற்றிச் சொல்வதாகும். சுன்னத் என்பது உணவின் பெயரில் மட்டுமன்று, அளவிலும் இருக்கிறது. வயிற்றில் உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் பகுத்து விடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்த செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. அந்த ஹதீஸை மனப்பாடம் செய்த நாம், சஹனைச் சுற்றி அமர்ந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

நோன்பும் எடையும்

ரமளானில் எடை குறைவது உண்டு. ஆனால், பொதுவாக அது சிறிதளவே. அதுவும் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. பலருக்குக் கூடவும் செய்கிறது. பகல் முழுவதும் வெறும் வயிறாக இருந்துவிட்டு, மஃரிபுக்கும் தராவீஹுக்கும் இடையே சமோசா, கட்லட், வாடா, சர்பத் என்று உண்டபின் எடை எவ்வாறு குறையும்? நோன்புக் கஞ்சியும் சில பேரீச்சம்பழங்களும் தண்ணீருமாக நோன்பு திறந்த நம் முன்னோரின் பழக்கத்தில் குறை ஒன்றுமில்லை. நாம் சேர்த்துக்கொண்ட எண்ணெய்ப் பண்டங்களில்தான் குறை.

நோன்பு ஒரு வணக்கம். உடல்நலம் அதன் பயனாகக் கிடைத்தால் அல்ஹம்து லில்லாஹ். எடைக்குறைப்பே அதன் நிய்யத்தாக மாறிவிடக் கூடாது. இன்சுலின் போடுவோரும், சர்க்கரையைக் கூடுதலாகத் தாழ்த்தக்கூடிய மாத்திரைகளை உண்போரும் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை உடனே முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். நோயாளிக்கு அல்லாஹ் வழங்கிய சலுகையை மறுத்து மயங்கி விழுவது இறையச்சத்தின் அடையாளமன்று.

பொடிகளும் மாத்திரைகளும்

பக்கவிளைவு இல்லாதது, முற்றிலும் மூலிகை என்னும் உறுதிமொழியுடன் எடை குறைக்கும் பொடிகள் நம் பெண்களிடையே கைமாறுகின்றன. அறிமுகமானவர் விற்கிறார், ஸலாம் சொல்லி விற்கிறார் என்பதே பலருக்கும் போதுமான சான்றாக இருக்கிறது. பசியை அடக்கும் சிபுட்ரமின் என்னும் மருந்து, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுவதால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது; இந்தியாவிலும் பின்னர் தடை செய்யப்பட்டது. ஆனால், மூலிகை என்று விற்கப்பட்ட எடைக்குறைப்புப் பொருள்கள் பலவற்றுள் அதே மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க உணவு மற்றும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. இறைச்சி ஹலாலா என்று மூன்று முறை கேட்டு வாங்கும் நாம், உள்ளிருப்பது யாதென்று எழுதப்படாத பொடியை ஒரு முறையும் கேளாமல் விழுங்குகிறோம்.

வியர்வையுடன் கொழுப்பு வெளியேறும் என்பதும், வயிற்றில் பட்டை கட்டினால் வயிறு மட்டும் குறையும் என்பதும் இவ்வகையினவே. வியர்வையில் வெளியேறுவது நீரும் உப்பும். தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும். கொழுப்பை எந்த இடத்திலிருந்து முதலில் எடுப்பது என்பதை உடலே தீர்மானிக்கிறது.

நாவினால் விளையும் தீங்கு

நமக்கு மிகுந்த கவலை தருவது இனிச் சொல்லவிருப்பதுதான். மதரஸாவில் ஓத வரும் சிறுமியர் ஒருவரையொருவர் உடலைக் குறித்துப் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதைக் கேட்கிறோம். அந்தப் பெயர்கள் வகுப்பறையில் பிறந்தவை அல்ல; வீட்டில் பிறந்தவை. அதே சிறுமி வளர்ந்து பெண் பார்க்க வருவோர் முன் நிற்கும் வயதை அடையும்போது, பேச்சு கட்டளையாக மாறுகிறது. நிக்காஹுக்கு இரண்டு மாதம் இருக்கையில், குடும்பம் முழுவதும் பிரியாணி உண்ண, அவள் மட்டும் வெள்ளரிக்காயுடன் அமர்கிறாள்.

இத்தகைய பட்டினி உடலை என்ன செய்யும் என்பது தெரியாததன்று. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆடவர்கள் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தனர். எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. உடன் சோர்வும் எரிச்சலும் மனவாட்டமும், உணவைப் பற்றியே ஓயாத நினைப்பும் வந்து சேர்ந்தன. மீண்டும் உண்ணத் தொடங்கியதும் எடையும் மீண்டது. மேலும், மிக விரைவாக எடை குறைவோருக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. பருவப் பெண்களுக்கு மாதவிடாய் தடைப்படுவதும் உண்டு. ஒருவரையொருவர் இழிவாகப் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் திருக்குர்ஆன் தடுத்திருக்கிறது. அந்தத் தடை நம் வீட்டுக் கூடத்திற்கும் பொருந்தும். மணமகன் வீட்டாரின் நாவிற்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியது என்ன?

நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 மில்லி. அதாவது 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும். அதனை இரண்டு லிட்டராகக் குறைத்தால், யாரும் பட்டினி கிடக்காமலேயே ஒவ்வொருவருக்கும் 135 கலோரி குறைந்துவிடும். ஒரு குவளைத் தேநீருக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால், மூன்று குவளையில் ஏறத்தாழ 30 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நன்று என்கிறது. மாதத்திற்கு இரண்டு முதல் நான்கு கிலோவுக்குமேல் குறைக்க முயல வேண்டா.

அடுத்தது நடை. வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் விரைந்து நடத்தல் வேண்டும் என்பது மருத்துவ உலகின் பொதுவான அறிவுரை. ஆண்கள் ஃபஜ்ருக்குப் பின் நடக்கின்றனர். பெண்கள் எங்கே நடப்பது? குறுகிய தெருவிலும் மொட்டைமாடியிலும் எத்தனை சுற்றுச் சுற்றுவது? மதரஸாக்களுக்கும் பள்ளிகளுக்கும் சொந்தமான மைதானங்கள் காலையில் வகுப்பு தொடங்கும்வரை பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை ஒரு மணி நேரம் பெண்களுக்கென்று திறந்துவிட ஜமாஅத் நிர்வாகிகள் முன்வர வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு சாவியும் பொறுப்பான ஒரு பெண்மணியும் போதும்.

சென்னையில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வொன்று ஆறுதல் தருகிறது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. எடையில் பெரிய மாற்றம் இல்லாதபோதும் இப்பயன் கிடைத்தது என்பது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. எடைக்கருவியின் முள் அசையவில்லை என்று மனம் தளர்ந்து நல்ல பழக்கத்தைக் கைவிடுவோர் இதனை நினைவில் கொள்ளட்டும்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நம் உடலுக்கு நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். விருந்தில் அதனை வதைப்பதும் பட்டினியில் அதனை வதைப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். அடுத்த வாரம் கடைக்குச் செல்லும்போது எண்ணெய்ப் பையில் ஒன்றைக் குறைத்து, அந்தப் பணத்தில் காயும் கீரையும் வாங்குங்கள். அனைவரும் ஒன்றாக அமர்ந்து ஒரே உணவை உண்ணுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் உணவில் பரக்கத்தையும், உடலில் ஆரோக்கியத்தையும், நாவில் கனிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.