வீட்டுக் கூரைத் தகடு வள்ளத்திற்கு ஆகுமா?

கதிரவனுக்கு வீடென்றும் கடலென்றும் வேற்றுமை இல்லை. ஆனால் அவன் ஒளியை மின்சாரமாக்கும் தகட்டுக்கு அந்த வேற்றுமை உண்டு. அதை மறந்து செய்யும் சிக்கனம், சிக்கனமே ஆகாது என்பது என் கருத்து.

வீட்டுக் கூரைக்கென விற்கும் சோலார் தகடு மலிவு; எளிதில் கிடைக்கும். என் அப்பாவும் அதையே வாங்கி வள்ளத்தின் மேல் கட்டினார்; நேரே பேட்டரியோடு இணைத்தார். சில வாரங்களில் பேட்டரி கொதித்துக் கெட்டது. ஓர் இரவு நடுக்கடலில் விளக்கு அணைந்தது, வயர்லெஸும் ஓய்ந்தது. கரையிலிருந்து அழைத்தவர்களுக்குப் பதில் இல்லை. அப்பா கரை சேரும்வரை அம்மா வாசற்படியை விட்டு எழவே இல்லை.

குற்றம் தகட்டினுடையதன்று, இணைத்த முறையினுடையது. வீட்டுத் தகடு ஏறத்தாழ 30 வோல்ட் தரும். வள்ளத்தின் பேட்டரியோ 12 வோல்ட். இடையே மின்னழுத்தத்தைக் குறைத்து, பேட்டரி நிறைந்ததும் தடுத்து நிறுத்தும் கண்ட்ரோலர் இருந்தே தீரவேண்டும். அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் போல்ட்டை நேரே முடுக்கினால், உப்புநீர் பட்டுச் சட்டம் அரித்துவிடும். நடுவே நைலான் வளையம் வேண்டும். கம்பத்தின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்சாரம் பெரிதும் குறையும்.

எதையும் அளவோடு எதிர்பார்ப்பதே அறிவுடைமை. நல்ல வெயிலில் 330 வாட் தகடு ஒரு பகலில் 1,000 வாட் மணிக்கு மேல் தரும். விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ். மூன்றுக்கும் சேர்த்து 30 வாட் என்றால், 12 மணி நேர இரவுக்கு 360 போதும். ஆனால் 10 குதிரைச் சக்தி இயந்திரத்துக்கு ஏறத்தாழ 7,460 வாட் வேண்டுமே! கேரளத்தில் வைக்கத்திற்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017இல் ஓடத் தொடங்கிய, 75 பேர் ஏறும் 'ஆதித்யா' சூரியப் படகைச் சிலர் சான்று காட்டலாம். அது அமைதியான காயலில் ஓடுவதற்கென்றே வடிவமைத்து, கூரையெங்கும் தகடு பரப்பிய படகு. அலைகடலில் மீன்பிடிக்கும் வள்ளத்துக்கு அது ஒப்பாகாது.

ஆகவே தோழியரே, வீட்டுத் தகட்டை வேண்டாமென்று தள்ளவேண்டாம், கடலுக்கேற்பத் திருத்திக்கொள்வோம். பௌதிகப் பாடம் தேர்வுக்கு மட்டுமா? தகட்டின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டில் எத்தனை வோல்ட் என்று படித்து, நம் தந்தையருக்கும் அண்ணன்மாருக்கும் நாமே எடுத்துச் சொல்வோம். கண்ட்ரோலரின் விலை பெரிதா, விளக்கு அணைந்த அந்த ஓர் இரவு பெரிதா? எங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்வார்.