மார்க் தமிழில், கடிதம் ஆங்கிலத்தில்

காப்புரிமை, வடிவமைப்பு, வணிகச் சின்னங்களுக்கான தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கு,

மதுரையில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். ஜி.எஸ்.டி. தாக்கல், உத்யம் பதிவு, வங்கிக் கடனுக்கான தாள்கள், இவைதான் என் அன்றாட வேலை. இந்த மடலை எழுத வைத்தவை இரண்டு அப்பளக் கட்டுகள்.

சென்ற ஆண்டு ஆடி முடிந்த சமயம், ஜெய்ஹிந்துபுரத்தில் அப்பளம் போடும் அக்கா ஒருவர் அவற்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். இரண்டிலும் மஞ்சள் லேபிள், நடுவில் குத்துவிளக்கு, மேலே சிவப்பு எழுத்தில் பெயர். உற்றுப் பார்த்த பிறகுதான் ஓரெழுத்து வித்தியாசம் தெரிந்தது. ஒன்றில் பெரிய 'ள', மற்றதில் சின்ன 'ல'. "மளிகைக் கடைக்காரரே மாத்தி எடுத்துக் குடுத்துடுறாரு தம்பி. அப்பளம் பொரியலைன்னு வந்து என்னைத் திட்டுறாங்க" என்றார். அந்தப் பெயர் அவருடைய மாமியாரின் பெயர். உளுந்து மாவைப் பிசைந்து, உருட்டி, தேய்த்து, வெயில் பார்த்துக் காயவைத்து, மழைக்காலத்தில் வெயிலே இல்லாமல் பதறி, இருபது வருடங்களுக்கு மேல் மாமியாரும் மருமகளுமாக அந்தப் பெயருக்குச் சேர்த்த நம்பிக்கை அது.

இதில் எனக்கு வலித்தது, அவர் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளாமல் சும்மா இருந்தவர் அல்ல என்பதுதான். மூன்று வருடங்களுக்கு முன்பே ஒரு முகவர் மூலம் உங்கள் பதிவகத்தில் விண்ணப்பித்திருக்கிறார். மொத்தமுள்ள 45 வகைப்பாடுகளில் அப்பளத்துக்குரிய 30ஆவது வகைப்பாடு. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணமான 4,500 ரூபாய். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 'கைவிடப்பட்டது' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல் திரையில் வந்தது. தமிழில் சொன்னேன். "நான் எதைத் தம்பி கைவிட்டேன்?" என்று கேட்டார்.

நடந்தது இவ்வளவுதான். உங்கள் ஆய்வாளர், இதே சாயலில் வேறு சில சின்னங்கள் ஏற்கெனவே இருப்பதாக ஆட்சேபம் எழுப்பி ஆய்வறிக்கை அனுப்பியிருக்கிறார். அது ஆங்கிலத்தில், முகவரின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அவர் அதற்குள் அலுவலகத்தை மூடிவிட்டு ஊர் மாறிவிட்டார். 2017ஆம் ஆண்டு வணிகச் சின்ன விதிகளின்படி மின்னஞ்சல் அனுப்பிய கணத்திலேயே கடிதம் சேர்ந்ததாகப் பொருள். அதிலிருந்து 30 நாளில் பதில் வராவிட்டால் விண்ணப்பம் போயிற்று. அந்த 30 நாளும் அக்கா மொட்டைமாடியில் அப்பளம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். ஓர் ஆட்சேபம் வந்திருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆட்சேபம் தவறு என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்பது ஆய்வாளரின் கடமை. ஆனால் பதில் அவரிடம் இருந்தது. பழைய பில் புத்தகங்கள், லேபிள் அச்சடித்த அச்சகத்தின் ரசீதுகள், மாமியார் காலத்துக் கணக்கு நோட்டு எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார்.

பதிவு இல்லாவிட்டாலும் முதலில் பயன்படுத்தியவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்பதை அறிவேன். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 27, 34 ஆகிய பிரிவுகள் அதைச் சொல்கின்றன. அதை அழுத்தமாக நிலைநிறுத்திய தீர்ப்பே எங்கள் தென்மாவட்டத்துக் கடை ஒன்றின் வழக்கில் வந்ததுதான். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, பெயர்ப்பலகைகூட இல்லாமல் மங்கிய விளக்கில் அல்வா விற்ற கடைக்கு ஊரே வைத்த பெயர் 'இருட்டுக்கடை'. அதே பெயரைச் சேர்த்து வேறொருவரும் பதிவு வாங்க, வழக்குப் படிப்படியாக ஏறி, 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: முன்பிருந்தே பயன்படுத்துபவரின் உரிமை, பின்னால் வந்தவரின் பதிவைவிட மேலானது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால், டெல்லி வரை போய் வாதாட ஊரறிந்த அல்வாக் கடையால் முடியும். நாளுக்கு நாலு பெண்களை வைத்து அப்பளம் தேய்ப்பவரால் முடியுமா? பதிவுச் சான்றிதழ் என்பதே இப்படிப்பட்டவர் நீதிமன்றப் படி ஏறாமல் இருப்பதற்காகத்தானே?

மீண்டும் விண்ணப்பிக்கலாம், பணம் 4,500 ரூபாய்தான் என்று சிலர் சொன்னார்கள். பணத்தைப் புரட்டிவிடலாம். தேதியை எங்கே புரட்டுவது? பதிவு கிடைத்தால் அது விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும். அந்தப் பழைய தேதியை இழந்ததில் மூன்று வருடம் போய்விட்டது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் எழுதிய பெயரை நீங்கள் சின்னமாக ஏற்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் 28ஆவது விதி, அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தரச் சொல்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் எங்கள் 'கனி'யும் 'காணி'யும் ஒன்றாகிவிடும். ஒன்று பழம், மற்றது நிலம். லேபிளைத் தமிழில் படிக்கிற வாடிக்கையாளருக்கு இந்தக் குழப்பமே வராது. உங்கள் கிண்டி அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆய்வாளர்களிடம் தமிழ்ச் சின்னங்கள் போகுமானால், தேவையற்ற ஆட்சேபங்கள் குறையும். 'ள'வுக்கும் 'ல'வுக்கும் இடையே ஒளிந்து நுழையும் போலிகளும் பிடிபடும்.

இது ஓர் அக்காவின் கதை மட்டும் அல்ல. 2016 மார்ச்சில் உங்கள் பதிவகம் லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைச் சில நாள்களுக்குள் கைவிடப்பட்டவையாக அறிவித்ததும், ஆய்வறிக்கையே வரவில்லை என்று பலர் முறையிட்டதும், அடுத்த மாதமே டெல்லி உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் உங்கள் கோப்புகளில் இருக்கும். அன்று வழக்கறிஞர்கள் சங்கம் கூடி நீதிமன்றம் போனது. தனித்தனியாக விழும் விண்ணப்பங்களுக்காக யார் போவார்கள்?

விதியை மாற்ற மத்திய அரசு வேண்டும் என்பது தெரியும். ஆனால் 33ஆவது விதியை மறுபடி படித்துப் பாருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் கைவிடப்பட்டதாகப் பதிவாளர் 'கருதலாம்' என்றுதான் இருக்கிறது. கருதியே தீர வேண்டும் என்று இல்லை. அந்த ஒரு சொல்லில் உங்களுக்கு இடம் இருக்கிறது. விண்ணப்பத்திலேயே வியாபாரியின் கைபேசி எண் இருக்கட்டும். முகவருக்கு அறிக்கை போகும் அன்றே அவருக்கும் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போகட்டும்: உங்கள் மார்க்குக்கு ஆட்சேபம் வந்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் தர வேண்டும் என்று. கைவிடப்பட்டதாக முடிவெடுக்கும் முன் அவருடைய முகவரிக்கே தமிழில் ஒரு நினைவூட்டுக் கடிதம் போகட்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வரும் காலத்தில், இரண்டு பக்க ஆய்வறிக்கையைத் தமிழில் தருவது முடியாத காரியம் அல்ல.

அந்த அக்கா மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். இந்த முறை டிரங்குப் பெட்டியில் இருந்த பில்களோடு, முதல் பயன்பாட்டுக்கான உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்திருக்கிறோம். உங்கள் ஆய்வறிக்கை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதை அவர் படிக்கும்படி அனுப்புங்கள்.

பணிவுடன்,
மதுரையிலிருந்து ஒரு கணக்கெழுத்தர்