முதல் துப்பாக்கி புதியதா, பழையதா?

நிலக்கடலை காய் பிடிக்கும் தருவாயிலும், மக்காச்சோளம் பால் பிடிக்கும் தருவாயிலும் மலையடிவார ஊர்களில் விவசாயிகளுக்கு இரவுத் தூக்கம் இல்லை. பரண் கட்டியும், தகரம் தட்டியும், பட்டாசு வெடித்தும் பார்க்கிறார்கள். அப்படியும் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று புகுந்துவிட்டால், விடிவதற்குள் வயல் ஏர் ஓட்டியது போலப் புரண்டு கிடக்கிறது. இந்த ஊர்களில் நடக்கும் பயிற்சி முகாம்களில் உரம், பூச்சி மருந்து பற்றிய கேள்விகள் முடிந்தபின் இன்னொரு கேள்வி தவறாமல் எழுகிறது. "பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வாங்கலாம் என்று இருக்கிறேன். புதியது வாங்குவதா, பழையது போதுமா?" என்பதே அது.

இது பயிர் நூலில் உள்ள கேள்வி அன்று. ஆயினும் பதில் சொல்லாமல் நழுவக்கூடாத கேள்வி. துப்பாக்கியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பணம் மட்டும் போகாது. கண் போகும், விரல் போகும். காகிதம் சரியில்லாவிட்டால் சிறைக்கும் போக நேரும். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலி போட்டு, அதற்குப் பிறகும் துப்பாக்கி தேவைப்படும் சிறு விவசாயிக்கு, நன்கு சோதித்து வாங்கிய பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியே போதும். சோதித்துச் சொல்ல நம்பகமான ஆள் கிடைக்கவில்லை என்றால், புதியதைத் தவிர வேறொன்றையும் தொடாதீர்கள்.

துப்பாக்கியால் ஆகும் வேலை எது?

பலர் துப்பாக்கி உரிமம் கிடைத்தால் பன்றியைச் சுடவும் உரிமை கிடைத்துவிட்டதாக எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. துப்பாக்கி உரிமம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தரப்படுவது. விலங்கைக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்குவது. மயில் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. காட்டுப்பன்றி முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. பயிரை அழிக்கும் பன்றியைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் அளித்த அதிகாரியோ எழுத்து மூலம் அனுமதி தரவேண்டும். மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் சுட்டால் குற்றமில்லை என்று சட்டம் சொல்கிறது. பயிரைக் காக்க என்று அந்த விலக்கில் சொல்லப்படவில்லை.

தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பு வனத்துறையினரிடமே உள்ளது. கேரளத்தில் 2022-ஆம் ஆண்டு முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்போரைக் கொண்டு சுடும் முறை வந்தது. எல்லையோர விவசாயிகள் அதைக் கேள்விப்பட்டு இங்கும் அப்படியே என்று எண்ணிவிடக்கூடாது.

எனவே இன்றைய நிலையில் உங்கள் துப்பாக்கி பெரும்பாலும் செய்யும் வேலை சத்தம் காட்டி விரட்டுவதும், ஆபத்தில் உயிரைக் காப்பதும் தான். இதற்கு இரட்டைக்குழல் தேவையில்லை. சித்திரவேலை செய்த கட்டையும் தேவையில்லை. வெறும் சத்தத்துக்குப் பன்றிகள் சில வாரங்களில் பழகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் உரிமம், பிறகே விலை

துப்பாக்கியைப் பேசி முடித்து முன்பணம் கொடுத்துவிட்டு, அதன்பின் உரிமத்துக்கு அலைவோர் உண்டு. இது பெண் பார்க்கும் முன் பந்தல் போடுவதைப் போன்றது. எந்த வகைத் துப்பாக்கி என்பதை உரிமம் தான் முடிவு செய்யும். ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்க் காவலுக்கு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியையே முதலில் குறிப்பிடுகிறது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உட்புறம் வழவழப்பான வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்றும், பத்திரமாக வைக்க இடமும் வேண்டும். காவல் துறையின் அறிக்கையும் வரவேண்டும். உரிமம் கையில் வந்தபின் கடைக்குப் போவதே முறை.

புதியதன் நிறை குறைகள்

புதிய துப்பாக்கியின் பெரிய நிறை, அதற்குப் பூர்வ கதை இல்லை என்பதே. யாரும் அதில் கூடுதல் மருந்து கெட்டித்திருக்க மாட்டார்கள். மழையில் போட்டிருக்க மாட்டார்கள். தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் தெளிவாக இருக்கும். இன்று கடையில் கிடைக்கும் தோட்டாவின் நீளத்துக்கு ஏற்ற அறை இருக்கும். பழுது வந்தால் கேட்பதற்கு ஓர் இடம் உண்டு.

குறை விலை தான். அதோடு, வாங்கிய மறுநாளே அதன் மதிப்பு இறங்கிவிடும். உரிமம் உள்ளவருக்கு மட்டுமே விற்க முடியும் என்பதால், அவசரத்துக்கு மாட்டை விற்பது போல் இதை விற்றுப் பணமாக்க இயலாது.

பழையதில் பார்க்க வேண்டியவை

உரிமம் பெற்ற ஆயுத வியாபாரிகளிடம் நல்ல பழைய துப்பாக்கிகள் உண்டு. ஆண்டுக்குப் பத்துத் தோட்டா கூடச் சுடாமல், எண்ணெய் போட்டு வைத்திருந்தவையும் அவற்றில் இருக்கும். இரும்பு நன்றாக இருந்தால் வயது ஒரு குறை அல்ல. ஆங்கிலேயப் பெயர் பொறித்த துப்பாக்கிக்குப் பெயருக்கே விலை கேட்பார்கள். பயிர்க் காவலுக்குப் பெயர் வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முதலில், தோட்டா உள்ளே இல்லை என்பதை நீங்களே திறந்து பாருங்கள். "ஒன்றும் இல்லை" என்று சொல்பவரின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

இரண்டாவது, குழலைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உட்புறத்தைப் பாருங்கள். கண்ணாடி போல் மின்ன வேண்டும். கறுப்புப் புள்ளிகள் குழியாகத் தெரிந்தால் துரு உள்ளே தின்றிருக்கிறது என்று பொருள். ஒளி வளையம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே குழல் நசுங்கியோ புடைத்தோ இருக்கிறது. அது வேண்டாம்.

மூன்றாவது, குழலின் வெளிப்புறத்தில் பாயின் பின்னல் போல, நீர் அலை போல வரிகள் தெரிந்தால், அது இரும்பும் எஃகும் பட்டையாக முறுக்கி ஒட்டிச் செய்த பழங்காலக் குழல். கரிமருந்துக்காகச் செய்தது. இன்றைய புகையில்லாத் தோட்டாவின் அழுத்தத்தை அது தாங்கும் என்று நம்பக்கூடாது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நான்காவது, தோட்டா அறையின் நீளம். பழைய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். தோட்டா மேல் எழுதிய நீளம், சுட்டபின் அதன் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். ஆகவே 70 மில்லிமீட்டர் தோட்டா சிறிய அறைக்குள்ளும் இடறாமல் நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இது. பழுது பார்ப்பவரிடம் அளவுகோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, மூடிய துப்பாக்கியை லேசாக அசைத்துப் பாருங்கள். குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்துவிட்டது. விசை, தொட்டவுடன் விழக்கூடாது. கட்டையின் மெலிந்த கழுத்துப் பகுதியில் விரிசலும், அதை மறைக்கக் கம்பி சுற்றியதும் இருந்தால் தள்ளிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டி அவர் சொல் கேளுங்கள். அதற்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு அன்று. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற நாம், கன்னத்தோடு ஒட்டி வைத்துச் சுடப் போகும் இரும்பைப் பார்க்காமல் வாங்கலாமா?

காகிதத்தில் பிசகு வேண்டாம்

தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பதியாத, அல்லது அழிக்கப்பட்ட துப்பாக்கியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். துப்பாக்கியில் உள்ள எண்ணும் விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தனி நபரிடம் வாங்கினால், அவர் தம் எண்ணத்தையும் உங்கள் பெயர் முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்னரே துப்பாக்கி கை மாற வேண்டும். "பணத்தைக் கொடு, துப்பாக்கியை இன்றே எடுத்துப் போ" என்பவரிடம் வாங்காதீர்கள். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை.

தாத்தா துப்பாக்கி

புதியதும் இல்லை, வாங்கியதும் இல்லை என்று மூன்றாவது ஒன்று உண்டு. வீட்டுப் பரணில் கிடக்கும் தாத்தா காலத்துத் துப்பாக்கி தான் அது. "காசில்லாமல் கிடைக்கிறதே" என்று பலர் இதில் ஆசை வைக்கிறார்கள். மூன்று வகையிலும் இதுவே அதிக ஆபத்தானது. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் வாரிசு அதை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, தம் பெயருக்கு உரிமம் கேட்க வேண்டும். உரிமதாரர் உயிருடன் இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றித்தர விண்ணப்பிக்க 2016-ஆம் ஆண்டு விதிகளில் வழியுண்டு. வீட்டில் பெரியவர் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

நாட்டுத் துப்பாக்கியானால் இன்னும் கவனம் வேண்டும். எப்போதோ கெட்டித்த மருந்து உள்ளேயே இருக்கலாம். அதன்மேல் இன்னொரு முறை கெட்டித்தால் குழல் வெடிக்கும். குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் அதே கதி தான். நீங்களே நோண்டிப் பார்க்காமல், பழுது பார்ப்பவரிடம் விடுங்கள்.

விலையோடு செலவு முடிவதில்லை

பூட்டக்கூடிய இரும்புப் பெட்டி, துடைக்கும் கோல், எண்ணெய், தோட்டா, 5 ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பித்தல் ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அது உங்கள் அறுவடைக் காலமாகவும் இருக்கலாம்.

துப்பாக்கியையும் தோட்டாவையும் வெவ்வேறு இடங்களில் பூட்டி வையுங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். வயல் கொட்டகையில் சாத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். குடித்தவர் கையில் கொடுக்காதீர்கள். சிறு ரவை கூட 200 மீட்டரைத் தாண்டிப் பறக்கும். இருட்டில் அசைவது பன்றி தானா, பக்கத்து வயல்காரரா என்பது தெரியாமல் விசையில் விரல் வைக்கக்கூடாது.

வேலிக்கு முதலிடம்

ஒரு காகிதத்தில் இரண்டு கணக்கு எழுதுங்கள். ஒரு பக்கம் துப்பாக்கி, பெட்டி, தோட்டா, அலைச்சல். மறு பக்கம் பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலைந்து பேருடன் சேர்ந்து போடும் சூரிய சக்தி வேலியில் உங்கள் பங்கு. துப்பாக்கிக்கு நீங்கள் விழித்திருக்க வேண்டும். வேலி நீங்கள் தூங்கும்போதும் காவல் காக்கும். மானியம் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். காட்டை அடுத்த நிலங்களில் மின்வேலி போட 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். கம்பத்து மின்சாரத்தை நேரே கம்பியில் விடும் கொடுமையை மட்டும் செய்யாதீர்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. மனிதர்களும் இப்படி மடிகிறார்கள். அவுட்டுக்காய் வைப்பதும் இதே வகைக் குற்றமே. அதைக் கடித்து வாய் கிழிவது உங்கள் பசுவாகவும் இருக்கலாம்.

பயிர் நட்டத்துக்கு இழப்பீடு உரிய காலத்தில் கிடைத்தால், வேலிக்கு மானியம் தட்டின்றிக் கிடைத்தால், பல விவசாயிகள் துப்பாக்கியைப் பற்றி நினைக்கவே மாட்டார்கள் என்பதை அதிகாரிகளும் உணர வேண்டும். அதுவரை, வேலிக்கு மேலும் காவல் தேவைப்படும் இடங்களில் துப்பாக்கி வாங்குவோர் வாங்கட்டும். ஆனால் அது புதியதா பழையதா என்று கேட்பதற்கு முன், உரிமம் உள்ளதா, குழல் நலமா, எண் சரியா, பூட்டிவைக்கப் பெட்டி உண்டா என்ற நான்கையும் கேளுங்கள். இந்த நான்குக்கும் 'ஆம்' என்ற பதில் கிடைத்தால் பழையதே போதும். ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.